ராட்டினத்தில் ஏற்றியவன் நான்

களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் பக்கத்தில் மாடி வைத்த கடைத்தொகுதி ஒன்று நிற்கிறது, அது நான் கட்டியது. காத்தான்குடியில் துணிக்கடை முதலாளி ஒருவருக்கு மூன்று மாடி எழுப்பிக் கொடுத்தேன். தோண்டினால் தண்ணீர்தான் வரும், அத்திவாரம் நிற்காது என்று படித்த ஆட்கள் விட்டுவிட்டுப் போன காணி அது. இன்றைக்கும் ஒரு வெடிப்பு இல்லை. போய்ப் பாருங்கள். பள்ளிக்கூடங்களுக்கு வகுப்பறை கட்டினேன், கோயிலுக்கு மடைப்பள்ளி கட்டினேன், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வாய்க்கால்களுக்கு மதகு கட்டினேன். சூறாவளி கொண்டுபோன கூரைகளைத் திரும்பப் போட்டேன். கடல் அள்ளிக்கொண்டு போன வீடுகளுக்குப் பதில் வீடு எழுப்பினேன். சண்டைக் காலத்தில் ஒரு மூட்டைச் சீமெந்தைச் சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுவருவது என்றால் அதற்கே ஒரு பட்டம் கொடுக்க வேண்டும். எனக்கு ஒருவரும் பட்டம் தரவில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இவ்வளவு கட்டிய எனக்கு, சொந்தத்தில் ஒரு வீடு இல்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது விளங்கும். எங்கள் வழக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். எனக்கு மூன்றும் பெண். மூத்தவளுக்கு ஒரு வீடு, நடுவிலாளுக்கு ஒரு வீடு கட்டி எழுதிக் கொடுத்தாயிற்று. நானும் மனைவியும் இளையவளும் நடுவிலாளின் வீட்டுப் பின்னறையில் இருக்கிறோம். இளையவளுக்குச் செட்டிபாளையத்துக்கு அங்கால், வாவிக்கரையில் ஒரு காணி. அது பற்றைக்காடாகக் கிடந்த காலத்தில் வாங்கியது. வீடு லிண்டல் மட்டம் தாண்டி, சுவர் முழுதாக எழும்பி நிற்கும்போது சீமெந்தும் கம்பியும் மரமும் விலை ஏறின. கூரையை நிறுத்தினேன். சித்திரைக்குள் முடிப்பேன் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அந்தக் காணிக்குப் பக்கத்தில்தான் பிறகு விளையாட்டுப் பூங்கா வந்தது. தண்ணீர்ச் சறுக்கு, பேய் வீடு, பெரிய ராட்டினம். பூங்கா வந்த கையோடு ஹோட்டலும் வந்தது. அந்த ஹோட்டல் கம்பனிக்குக் கொழும்பிலும் விடுதி இருக்கிறது. நான் தரைக்கல்லும் தண்ணீர்க் குழாயும் எடுக்கக் கொழும்புக்குப் போகும்போதெல்லாம் அங்கேதான் தங்குவேன். வரவேற்பு மேசைப் பிள்ளை ஒருநாள் "அங்கிள், நீங்க எங்கட நிரந்தர ஆள்தானே, அட்டை ஒண்டு போடுவமா?" என்று கேட்டது. போட்டேன். தங்கத் தங்கப் புள்ளி ஏறி, அட்டை பொன் நிறத்துக்கு வந்தது. எங்கள் ஊரில் பொன் அட்டை உறுப்பினர் வேறு ஆர் இருக்கிறார்? இருந்தால் காட்டுங்கள்.

மார்கழி விடுமுறையில் இளையவளுக்கு ஒரு பொருத்தம் வந்தது. படுவான்கரைக் குடும்பம். வயல் உள்ள ஆட்கள். மாப்பிள்ளைக்கும் இவள் வேலை செய்யும் கந்தோரிலேயே வேலை. இரண்டு பேருக்கும் முன்பே மனம் ஒத்துப்போயிருந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்தேன். இவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஏற்கெனவே பேசி வந்த இரண்டு பொருத்தம் குழம்பியது. இந்த முறை அவள் தாயிடம் சொன்ன சொல் என் காதில் விழுந்தது.

"அம்மா, இதுவும் குழம்பினா இனி என்னை ஆருக்கும் கொண்டு காட்டாதீங்க. நான் இப்பிடியே இருந்திடுவன்."

சொன்னால் செய்கிறவள் அவள். என் பிள்ளை அல்லவா?

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வர வேண்டும். எங்கே வரச் சொல்வது? நடுவிலாளின் வீட்டில் வைத்து இளையவளைக் காட்டினால், அந்த வீட்டின் தலைவன் நடுவில் மருமகன். நான் அவருடைய விறாந்தையில் விருந்தாளி மாதிரிக் கதிரை போட்டு இருக்க வேண்டும். அது எனக்குச் சரிவராது. அப்போதுதான் பொன் அட்டை நினைவுக்கு வந்தது. புள்ளிகள் சேர்ந்து கிடந்தன, இரண்டு அறை இனாமாகக் கிடைக்கும். பூங்காவுக்கும் கைப்பட்டி தருவார்கள். வரிசையில் நிற்கத் தேவையில்லை. வந்து ஒரு நாள் தங்குங்கள், சந்தோசமாகப் பேசுவோம் என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினேன். அவர்களும் வந்தார்கள். மாப்பிள்ளை, தாய், தகப்பன்.

ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. பொருத்தம் பேச வருகிறவர்கள், மனம் ஒப்பினால்தான் பெண் வீட்டுச் சோற்றில் கை வைப்பார்கள். தேத்தண்ணீர் குடிக்கலாம், வெற்றிலை போடலாம். சோறு தின்றால் முடிந்தது, சம்பந்தம் சரி. தின்னாமல் எழும்பினால் சம்பந்தம் இல்லை. வீட்டில் என்றால் இது ஒரு மணி நேரக் காரியம். ஹோட்டலில் ஒரு இரவும் மறுநாள் பாதிப் பகலும் அவர்களை வைத்திருக்கிறேன். அந்தத் தாய் அவ்வளவு நேரமும் என்ன செய்வா?

பட்டினி கிடந்தா.

வந்திறங்கியதும் அவர்களுடைய அறைக்குப் பழத் தட்டு போனது. உறுப்பினர்களுக்கு ஹோட்டல் கொடுக்கும் மரியாதை. தட்டில் என் பெயர் எழுதிய வாழ்த்து மட்டை ஒன்று குத்தி இருந்தது. நான் பெருமையோடு அந்தப் பக்கம் நடந்து போகிறேன், தட்டு அறைக்கு வெளியே நிலத்தில் இருக்கிறது. ஒரு வாழைப்பழம்கூடக் குறையவில்லை. என் பெயர் இருந்தபடியால் அது பெண் வீட்டுப் பழம் ஆகிவிட்டது.

மாலை தேத்தண்ணீர் மேசையில் மாப்பிள்ளையின் தாய் வந்து இருந்தா. வெறுந்தேத்தண்ணீர் மட்டும் எடுத்தா. மெலிந்த உடம்பு, வெயிலில் கறுத்த கை, யாரையும் நேராகப் பார்க்கும் கண். என்னை அண்ணன் என்றா. எங்கள் முறையில் அதுதான் சரி.

"அண்ணன், நாளைக்குப் போற வழியில வீட்டையும் ஒருக்காப் பாத்திட்டுப் போவம். வேலை எல்லாம் முடிஞ்சி பெயின்றும் அடிச்சாச்செண்டு தரகர் சொன்னார்."

நான் தரகரிடம் சொன்னது சித்திரையில் முடியும் என்று. அவர் கொண்டுபோய்க் கொடுத்தது முடிந்தது என்று. இளையவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. மாப்பிள்ளைக்கு விஷயம் தெரியும் போல, அவர் குனிந்து சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"பாப்பம் தங்கச்சி, பாப்பம்" என்றேன்.

எழும்பி வந்ததும் மனைவி நடைபாதையில் வைத்து என்னைப் பிடித்தா.

"இப்ப என்ன செய்யப் போறீங்க? கூரை இல்லாத வீட்டைக் கொண்டு காட்டப் போறீங்களா?"

"காட்டாம எங்க ஒளிக்கிறது? வீடென்ன பூனைக்குட்டியா?"

"பத்தை முளைச்சிக் கிடக்கு. கம்பி நீட்டிக்கொண்டு நிக்கிது. அந்தப் பொம்புள வாசல்ல நிண்டு பாத்திட்டுத் திரும்பிப் போயிடும். மறுகா உங்கட மகள் என்ன செய்வாள் எண்டு தெரியுந்தானே?"

தெரியும். ஐம்பது கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியபோது பயப்படாத எனக்கு ஒரு பெண்பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மாப்பிள்ளையின் தாய் வரவில்லை, வரும் வழியில் சாப்பிட்டதாம். காலையில் பெரிய சாப்பாட்டு மண்டபம். அப்பம், இடியப்பம், பால்சோறு, பாண், முட்டை என்று நீள மேசை முழுக்க வைத்திருக்கிறார்கள். அவ ஒரு கோப்பைத் தேத்தண்ணீரோடு இருக்கிறா. அவவின் கணவர் ஆடி அசைந்துகொண்டு மேசையைச் சுற்றி வருகிறார். மனிசனுக்குப் பசி. அவ ஜன்னல் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து இரண்டு பாலப்பத்தை மடித்து வாய்க்குள் தள்ளிவிட்டார். அவ திரும்பாமலே சொன்னா:

"வாயத் துடையுங்க. பால் வடியிது."

எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. "அப்ப மச்சான் சாப்பிட்டாச்சு!" என்றேன் சிரித்துக்கொண்டு.

"அவர் திண்டது கணக்கில்ல அண்ணன். அவர் செத்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல அடுப்படியத்தான் பாப்பார்."

எல்லாரும் சிரித்தோம். மகள் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை தாயிடம் மெல்லக் கேட்டார். "அம்மா, இது ஹோட்டல் சாப்பாடுதானே. மாமா காசு குடுக்கல்ல. உறுப்பினர் எண்டு சும்மா குடுக்கிறாங்க."

"சும்மா குடுக்கிறது அவருக்கு. எனக்கில்ல. வீட்டைப் பாத்திட்டு வாறன், மறுகா சாப்பாட்டப் பத்திக் கதைப்பம்."

அதுதான் முடிவு. சோறு வீட்டில் தொங்கிக்கொண்டு நிற்கிறது. வீடு கூரை இல்லாமல் நிற்கிறது.

நான் மண்டபத்தை விட்டு வெளியே வந்து நின்றேன். இரண்டு நாள் பெய்த மழை விட்டிருந்தது. தென்னை மரங்களுக்கு மேலே ராட்டினத்தின் தலை தெரிந்தது. அப்போது என் மூளையில் ஒன்று ஓடியது. இது என் மூளை, வேறு ஆருடைய மூளையும் இல்லை. பாதி கட்டிய வீட்டை வாசலில் நின்று பார்த்தால் இடிந்த வீடு மாதிரித்தான் தெரியும். சுவர் மறைக்கும், பற்றை மறைக்கும், கம்பி கண்ணைக் குத்தும். மேலே நின்று பார்த்தால் அப்படி இல்லை. கூரை இல்லாதபடியால் அறை அறையாக, வீட்டின் படம் கீறி வைத்தது மாதிரித் தெரியும். கூரை மட்டத்தில் சாரம் கட்டி நின்று எத்தனை வீட்டை அப்படிப் பார்த்திருப்பேன்! நான் கட்டிய முழு வீட்டையும் அவவுக்கு ஒரே பார்வையில் காட்டக்கூடிய இடம் அந்த ராட்டினம் ஒன்றுதான்.

எல்லாரையும் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். கைப்பட்டியைக் காட்டி வரிசையைத் தாண்டி நேரே ராட்டினத்தடிக்குப் போனோம். மேற்கே மழை திரும்பவும் கறுத்துக்கொண்டு வந்தது. ராட்டினம் இயக்குகிறவர், காற்று எழும்பினால் நிறுத்திவிடுவோம், இதுதான் கடைசி ஓட்டமாக இருக்கும் என்றார்.

"தங்கச்சி, ஏறுங்க. உங்கட வயல் வட்டைய மேல இருந்து பாத்திருக்கீங்களா?"

"வட்டையில இறங்கி நிண்டு பாத்தது காணும் அண்ணன். உதில ஏறி எனக்கென்ன கிடக்கு?"

அவவின் கணவர் ஒரு கதை விட்டார். "இவ ஏறமாட்டா மச்சான். பரண் ஆடினாலே கத்துவா."

அவ இடுப்பில் சேலையைச் சொருகினா. "யானை வந்த இரவெல்லாம் பரண்ல இருந்து தகரம் தட்டினது ஆரு? நீங்க கீழ போர்வைக்குள்ள கிடந்து எனக்குச் சத்தம் காட்டாதே எண்டீங்க. தள்ளுங்க அங்கால."

ஏறிவிட்டா. நானும் ஏறினேன். ஆணும் பெண்ணும் தனியாக இருப்பது அழகில்லை என்று மனைவியையும் இழுத்து ஏற்றினேன். கூண்டு அசைந்ததும் மனைவி கண்ணை மூடிப் பிள்ளையாரைக் கூப்பிடத் தொடங்கினா. கீழே மகளும் மாப்பிள்ளையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கூண்டு தென்னைக்கு மேலே வந்தது. வாவி முழுக்கத் தெரிந்தது. அந்தக் கரையில் பச்சை. மாப்பிள்ளையின் தாய் முன்னுக்குக் குனிந்தா.

"அந்தா, அது எங்கட வட்டை! மேட்டுப் பக்கம் பயிர் மஞ்சளாக் கிடக்கு. இவர் வாய்க்கால் கட்டினது சரியில்ல, நான் அப்பவே சொன்னன்."

நான் இரண்டாவது சுற்றில் வீட்டைக் காட்டலாம் என்று இருந்தேன். அதற்குள் அவவின் கண் இந்தக் கரைக்கு வந்துவிட்டது.

"இஞ்ச ஒரு உடைஞ்ச வீடு கிடக்கு. சண்டையில உடைஞ்சதா?"

மனைவி பிள்ளையாரை நிறுத்திக் கண்ணைத் திறந்தா. கூண்டு உச்சியில் நின்று ஆடியது. காற்று கம்பிக்குள் விசில் அடித்தது.

"உடைஞ்சதில்ல தங்கச்சி. கட்டுறது. என்ர மகளுக்குக் கட்டுறது."

அந்தத் தாய் என்னைத் திரும்பிப் பார்த்தா. கூண்டு நிலத்தைத் தொட்டுத் திரும்ப மேலே எழும்பும்போது கேட்டா:

"தரகர் பெயின்ற் அடிச்சாச்செண்டாரே?"

"அது தரகர் அடிச்ச பெயின்ற். நான் அடிக்கல்ல. நான் சித்திரை எண்டுதான் சொன்னன். கூரை போட்டிருந்தா நீங்க ஓட்டத்தான் பாத்திருப்பீங்க. இப்ப பாருங்க, எல்லாம் திறந்து கிடக்கு. அந்த நடு மண்டபம், அதுக்கு அங்கால ரெண்டறை. வாவிப் பக்கத்து அறையில நிண்டா உங்கட வட்டை தெரியும். எந்தத் தகப்பன் உங்களுக்கு அடுப்படி வரைக்கும் மேல இருந்து காட்டுவான்?"

"அடுப்படி எது?"

"கிழக்கு மூலை. காத்து வாற பக்கத்துக்கு மறுபக்கம் புகைக்கூடு. வீட்டுக்குள்ள புகை வராது."

"கிணறு?"

"அந்தா, வட்டமா. கோடைக்கும் நல்ல தண்ணி."

அவ கிணற்றைப் பார்க்கவில்லை. வீட்டையும் பார்க்கவில்லை. வீட்டைச் சுற்றி இருந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. இரண்டு நாள் மழையில் அந்தப் பக்கக் காணி எல்லாம் வெள்ளம் நின்றது. ஹோட்டல்காரர் வாகனம் நிறுத்துகிற இடத்திலும் தண்ணீர். பூங்காவின் மதில் ஓரத்திலும் தண்ணீர். நடுவில் என் வீட்டின் தளம் மட்டும் காய்ந்து வெள்ளையாக நின்றது. அறைகளுக்குள் பெய்த மழை நிற்கவில்லை, நான் விட்ட சரிவில் ஓடிப்போயிருந்தது. எந்த நிலத்தில் தண்ணீர் நிற்கும், எதில் நிற்காது என்று ஒரு வயல்காரிக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை.

"மேடு நீங்க போட்டதா?" என்றா.

"முழங்காலுக்கு மேல மண் நிரப்பித்தான் கல்லு வைச்சன். எல்லாரும் சிரிச்சாங்க, இவன் வீடு கட்டுறானா குளக்கட்டுக் கட்டுறானா எண்டு."

அவ தலையை ஆட்டினாவா, காற்றுக்கு ஆடியதா என்று எனக்குத் தெரியவில்லை. இறங்கியதும் "வயித்தைப் பிரட்டுது" என்று சொல்லிவிட்டு நேரே அறைக்குப் போனா. மாப்பிள்ளையும் பின்னால் ஓடினார். மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, அவ என்ன சொன்னா?"

"ஒண்டும் சொல்லல்ல மகள்."

"ஒண்டுமே?"

"அடுப்படி எங்க எண்டு கேட்டா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மழை வருகிற பக்கம் பார்த்தாள்.

பகல் பன்னிரண்டுக்கு அறையை விட வேண்டும். அவ பெட்டியைக் கட்டிவிட்டால் பகல் சாப்பாடு இல்லை. சாப்பாடு இல்லை என்றால் எல்லாம் முடிந்தது. நான் வரவேற்பு மேசைக்குப் போய் அட்டையை வைத்தேன். உறுப்பினர்களுக்குப் பிந்தி வெளியேறும் சலுகை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். விடுமுறைக் காலம், அறை எல்லாம் நிரம்பிவிட்டது, உறுதி சொல்ல முடியாது என்றது மேசையில் இருந்த பிள்ளை.

"பிள்ளை, எனக்கு அறை வேணாம். என்ர பெட்டிய இப்பவே வெளியில வைக்கிறன். அவங்கட அறைய மட்டும் சாப்பாடு முடியும் மட்டும் விடுங்க. என்ர மகள்ர கலியாணம் அந்த அறையில கிடக்கு."

அது என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போய் யாரிடமோ கேட்டு வந்தது. "சரி அங்கிள், பிறகு அறை துடைக்கிற ஆக்கள் என்னை ஏசினா நீங்கதான் பொறுப்பு."

சாப்பாட்டு மண்டபத்தில் நாங்கள் மேசை பிடித்து இருந்தோம். அவர்கள் வரவில்லை. வெளியே மழை கொட்டத் தொடங்கியது. பிறகு கணவரும் மாப்பிள்ளையும் வந்தார்கள். கடைசியாக அவ வந்தா. வந்து எனக்கு நேரெதிரே இருந்தா. ஒரு வெள்ளைத் தட்டை எடுத்து முன்னால் வைத்தா. எழும்பிப் போய் எடுக்கவில்லை. எல்லாரும் எடுத்து வந்தோம், அவவின் தட்டு வெறுமையாக இருந்தது. பரிமாறுகிற தம்பி ஓடிவந்து, "அம்மா, சோறு கொண்டுவரவா?" என்று கேட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினா. மனைவி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தா. என்ன செய்யச் சொல்கிறா? நானா ஊட்டிவிட முடியும்?

மகள் குனிந்தபடி இருந்தாள். சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள், தின்னவில்லை.

அந்தத் தாய் ஒரு சத்தம் போட்டா. கோபமா, செல்லமா என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

"என்ன பிள்ளை, நான் நீள மேசையில போய் அகப்பையோட அடிபடவோ? ஒழும்பி வந்து போடன். மீன் குழம்பு வேணாம், பருப்பை விடு."

மகள் எழும்பினாள். கதிரை பின்னால் விழுந்தது. அவள் நீள மேசைக்குப் போய்ச் சோறு அள்ளிக் கொண்டுவந்து அந்தத் தட்டில் போட்ட விதத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ பருப்பை விட்டுக் குழைத்து ஒரு வாய் வைத்தா. ஒரு நாள் முழுக்கக் கிடந்த பட்டினி. பிறகு தலை நிமிரவே இல்லை.

"உப்புக் காணாது" என்றா. கணவர் "இப்பதான் எனக்கு உயிர் வந்தது" என்று திரும்பவும் தட்டோடு எழும்பினார்.

பொருத்தம் சரி. வைகாசியில் கலியாணம். கூரை மரம் ஏறிக்கொண்டிருக்கிறது.

இப்போது ஆளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். தரகர், தான் கை வைத்த பொருத்தம் என்றைக்கும் தவறாது என்கிறார். மனைவி, ராட்டினத்தில் கூப்பிட்ட பிள்ளையார் கேட்டார் என்கிறா. சம்பந்தி, பிள்ளை சோறு போட எழும்பின வேகத்தைப் பார்த்துத்தான் மனம் வைத்தேன் என்று ஊரெல்லாம் சொல்கிறா. மாப்பிள்ளையும் மகளும், தாங்கள் எப்போதோ முடிவெடுத்துவிட்டோம், மற்றதெல்லாம் சும்மா என்று சிரிக்கிறார்கள். மனம் வைக்காத ஆள் சோறு போடு என்று கேட்பாவா? மனம் எங்கே மாறியது? பூமியில் மாறவில்லை. வெள்ளத்துக்கு நடுவே காய்ந்து நின்ற தளத்தை அவ மேலே இருந்து பார்த்த இடத்தில் மாறியது. அந்தத் தளத்தை உயர்த்தியது ஆர்? அவவை அந்த உயரத்துக்கு ஏற்றியது ஆர்?

தரகருக்குச் சால்வை போடுவது என்று பேசுகிறார்கள். போடட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் மணவறைக்கு முன்னால், இரண்டு கரை ஆட்களும் கூடியிருக்கும்போது, ஒலிவாங்கியில் ஒருவர் எழும்பி, இந்தக் கலியாணத்தை ராட்டினத்தில் வைத்துப் பேசி முடித்தது பெண்ணின் தகப்பன் என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் தாயே சொன்னால் நல்லது. ஒருவரும் சொல்லாவிட்டால் நான் ஒலிவாங்கியைப் பிடிப்பேன், பிடித்தால் இலகுவில் விடமாட்டேன் என்பது என் மூன்று மகள்மாருக்கும் தெரியும்.